உடையும் உள்ளத் துணிவும்



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது மற்றொன்று. பிறர் நம்மை எவ்வாறு மதிப்பர் என்பதை முன்னது கூறுகிறது. நம்மை நாமே எவ்வாறு மதித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பின்னது கூறுகிறது. படிப்பு முடிந்து நாளை நேர்முகத் தேர்வுக்கும் அலுவலுக்கும் செல்லவிருக்கும் உங்களுக்கு முதற் பழமொழியை நினைவூட்டுவதற்கு ஆட்கள் பலர் உள்ளனர். துணிக்கடை விளம்பரங்கள் அப்பணியை நாள்தோறும் செய்கின்றன. ஆதலின் நான் இன்று இரண்டாம் பழமொழியின் பக்கம் நின்று, உடைக்கும் உள்ளத் துணிவுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். இப்பொருளில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதனையும் மறைக்காமல் கூறுவேன்.

நான் வளர்ந்த ஊர் நெய்வேலி. 1956-ஆம் ஆண்டில் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் சோவியத் நாட்டு உதவியுடன் அமைந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. ஏர் பிடித்த கைகள் பல எந்திரம் பிடிக்கக் கற்றுக்கொண்ட காலம் அது. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு ஊர் ஒன்றிலிருந்து வேலைக்கு வந்தவர் அவர். அதுவரையில் நான்கு முழ வேட்டியும் தோளில் ஒரு துண்டுமே அவர் அறிந்த உடை. வேலையிலோ முழுக்கால் சட்டை, கனத்த காலணி, தலைக்கவசம் ஆகியவை இன்றியமையாதவை.

முதல் மாதம் முழுவதும் என் தந்தையார் வேட்டியுடன்தான் வீட்டை விட்டுப் புறப்படுவாராம். கால்சட்டையை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய், வேலையிடத்தில் மாற்றிக்கொள்வார். முறை முடிந்ததும் மீண்டும் வேட்டிக்கு மாறித்தான் தெருவில் நடப்பார். "பார்ப்பவர்கள் சிரிப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது" என்று பிற்காலத்தில் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். சில மாதங்கள் கழிந்தன. எந்திரத்தின் ஓசையை வைத்தே அதன் கோளாற்றைச் சொல்லும் அளவுக்கு அவர் தேர்ந்தார். அதன்பின் ஒருநாள் காலணியும் தலைக்கவசமுமாகத் தெரு வழியே வீட்டுக்கு நடந்து வந்தார். துணிப்பைக்கு அன்றோடு வேலை போயிற்று.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கால்சட்டை அணிந்த முதல் நாளிலேயே அவருக்குத் துணிவு வந்துவிடவில்லை. உள்ள துணிவும் அன்று சற்றுக் குறைந்தது. தொழில் கைவந்த பிறகுதான் அவ்வுடை அவருக்குச் சொந்தமாயிற்று. சொந்தமான பின்னர் அவர் நடையையும் அது நிமிர்த்திற்று. உடையும் திறமையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி வளர்கின்றன. ஒன்றை மட்டும் விலைக்கு வாங்கிவிட்டால் மற்றொன்று தானே வந்துவிடும் என்று எண்ணுவது பிழை.

தொழிலுடைக்கு இன்னொரு பொருளும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் பெருஞ்சக்கரங்களில் வாளிகள் பொருத்திய எந்திரங்கள் மண்ணையும் கரியையும் வெட்டி எடுக்கின்றன. கன்வேயர் பெல்ட்டுகள் அவற்றை இடைவிடாது சுமந்து செல்கின்றன. ஓடும் பெல்ட்டின் அருகே தோளில் தொங்கும் துண்டு ஒன்று சிக்கினால் உயிருக்கே கேடு. அங்கே உடை என்பது அழகுக்கும் மதிப்புக்கும் முன்னதாக உயிர்க்காப்பு. 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நெருங்கி வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று தன் 22-ஆம் பிரிவில் விதித்தது. அத்துடன் நில்லாமல், அவ்வுடையைத் தொழிற்சாலை நடத்துபவரே வழங்க வேண்டும் என்றும் சொல்லிற்று. இந்த இரண்டாவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ன உடைதான் வேண்டும் என்று கேட்பவர், அவ்வுடை கிடைக்க வழி செய்யவும் கடமைப்பட்டவர் என்பது அதன் உட்பொருள். இக்கருத்துக்கு மீண்டும் வருவேன்.

உடையைப் பற்றிப் பேசுமிடத்துக் காந்தியடிகளை நினையாமல் இருக்க முடியாது. அரையாடை அணிந்த கிழவராகவே நாம் அவரைப் படங்களில் காண்கிறோம். இளமையில் அவர் எப்படி இருந்தார் தெரியுமா? 1888-ஆம் ஆண்டு சட்டம் பயில இங்கிலாந்து சென்றபோது, தக்க உடை என்று எண்ணி வெள்ளைக் கம்பளி உடை ஒன்றைச் சேமித்து வைத்திருந்து, கப்பலினின்று இறங்கும்போது அதை அணிந்தார். செப்டம்பர் மாத இறுதி அது. கரையில் வெள்ளுடை உடுத்தியவர் தாம் ஒருவரே என்று கண்டு நாணினார். பிறகு அவர் பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். இலண்டனின் நாகரிகக் கடைத்தெருவில் பத்துப் பவுன் செலவழித்து மாலை உடை தைத்துக்கொண்டார். கழுத்துப்பட்டை கட்டவும் தலை வாரவும் நாள்தோறும் பத்து நிமிடம் பெரிய கண்ணாடியின் முன் கழித்தார். இவற்றையெல்லாம் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். உங்கள் வயதில் நீங்கள் கண்ணாடி முன் நின்றால் அது பெருங்குற்றம் ஆகாது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். அங்கேயே நின்றுவிடாதீர்கள் என்பதற்கும் அவர் வாழ்க்கையே சான்று.

1893-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு அவரிடம் சொல்லப்பட்டது. அவர் மறுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டு நேட்டால் உச்சநீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது தலைமை நீதிபதி அதையே கேட்டார். இம்முறை காந்தியடிகள் கழற்றினார். நண்பர்கள் குறை கூறினர். தம் வலிமையை இதனினும் பெரிய போராட்டங்களுக்குச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவர் கருதினார். எந்த இடத்தில் வற்புறுத்துவது, எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்று அறிவதும் துணிவின் ஒரு பகுதி.

பின்னர் வந்தது நம் மதுரை நிகழ்ச்சி. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் தமிழ்நாட்டில் பயணம் செய்துகொண்டிருந்தார். அயல்நாட்டுத் துணியைக் களைந்து கதர் உடுத்துமாறு மக்களை வேண்டினார். கதர் வாங்க எங்களிடம் பணம் இல்லையே என்று ஏழைகள் கூறினர். அவ்விடை அவர் நெஞ்சைத் தைத்தது. செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில், அவர் தம் உடையை முழங்கால் அளவு ஆடையாகக் குறைத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து 1931-இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்கும் அதே எளிய உடையில் சென்றார். வெள்ளைக் கம்பளி உடையில் நாணிய அதே மனிதர், அரையாடையில் அரண்மனைப் படிகளை ஏறினார். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் மாறியது துணி மட்டுமன்று. முன்னதைப் பிறர் கண்ணுக்காக அணிந்தார். பின்னதைத் தம் பணிக்காக அணிந்தார்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் உடையில் ஒன்றும் இல்லை; எப்படி உடுத்தினால் என்ன?" என்று சிலர் முடிவு கட்டிவிடக் கூடும். அது அவசர முடிவு. களைவதற்கு ஒருவனிடம் முதலில் உடை இருக்க வேண்டும். உடுக்கும் உரிமையே மறுக்கப்பட்டவர்களும் நம் நாட்டில் இருந்தனர். திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், சில சாதிப் பெண்கள் தோள்சீலை அணியக் கூடாது என்ற கொடிய வழக்கம் இருந்தது. அதனை எதிர்த்துப் பல்லாண்டு போராட்டம் நிகழ்ந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யனின் வற்புறுத்தலும் சேர, 1859 ஜூலையில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரச ஆணை பிறந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போன்ற முறையில் அணிதல் கூடாது என்ற தடை ஒன்று அதில் ஒட்டியே இருந்தது. ஒரு முழத் துணிக்காகப் பெண்கள் தெருவில் அடிபட்ட நாடு இது. உடை அற்பப் பொருள் என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்?

அண்ணல் அம்பேத்கர் இதனை நன்கு உணர்ந்தவர். 1927 டிசம்பரில் மகாத் நகரில் கூடிய பெண்களிடம், சாதியை அடையாளங் காட்டும் முறையில் சேலை உடுத்துவதை விட்டுவிடுங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். அவரோ பெரும்பாலும் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக அவைகளில் தோன்றினார். காந்தியடிகள் ஏழையோடு ஒன்றுபட உடையைக் களைந்தார். அம்பேத்கர் தாழ்த்தப்பட்டோர் தலைநிமிர உடையை அணிந்தார். இருவரும் தம் உடையைத் தாமே தேர்ந்தனர், காரணம் தெரிந்து தேர்ந்தனர். அத்தேர்வில்தான் துணிவு இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 2014 ஜூலையில், சென்னையில் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றில் நடந்த நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாயிலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே, வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்க்கு வந்த ஆணையிலும் ஆண்களுக்குக் கால்சட்டையுடன் வேட்டியும், பெண்களுக்குச் சேலையுடன் சல்வார் கமீசும் சுடிதாரும் இடம்பெற்றன. அலுவல் தோற்றம் என்றால் அயல்நாட்டுத் தோற்றமே என்ற எண்ணம் இனித் தேவையில்லை.

உடை உள்ளத்தை மாற்றுமா என்று அறிவியலும் ஆராய்ந்திருக்கிறது. 2012-இல் ஆடம், கலின்ஸ்கி என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். ஒரே வெள்ளை மேலங்கியைச் சிலருக்கு மருத்துவர் அங்கி என்றும், சிலருக்கு ஓவியர் அங்கி என்றும் சொல்லி அணிவித்தனர். மருத்துவர் அங்கி என்று நம்பி அணிந்தவர்கள் கூர்ந்து கவனிக்கும் வேலையைச் சிறப்பாகச் செய்தனர் என்று கண்டனர். செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் அவ்வாராய்ச்சியின் முதற் சோதனையை 2019-இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அப்பயன் கிட்டவில்லை. ஆகவே, "இந்தச் சட்டையை அணிந்தால் அறிவு கூடும்" என்று யாரேனும் கூறினால் உடனே நம்பிவிடாதீர்கள்.

உடை துணிவைத் தருமா என்பதில் ஐயம் இருக்கலாம். உடையைக் காரணமாக வைத்து ஒருவனது துணிவைப் பறித்துவிட முடியும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஏனெனில் நானே அதைச் செய்தேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். சீருடை விஷயத்தில் கண்டிப்பானவன் என்று பெயர் எடுத்தவன். செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒன்றுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காகவே சீருடை ஏற்பட்டது என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தவன். ஒரு கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டம் போட்ட வண்ணச் சட்டையுடன் நின்றான். அவனை வரிசைக்கு வெளியே வரச் சொன்னேன். கூட்டம் முடியும்வரை எல்லாரும் காணத் தனியே நிறுத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான்காம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். தாழ்வாரத்துக் கொடியில் ஒரே ஒரு சீருடைச் சட்டை ஈரத்துடன் தொங்கிக்கொண்டிருந்தது. அரசு வழங்கும் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு சட்டைதான் தைக்க முடிந்தது. அவன் தாய் அதை இரவில் துவைத்துக் காலையில் கொடுப்பார். கடலூர் மாவட்டத்துக் கார்த்திகை மழையில் அது உலரவில்லை. "ஈரச் சட்டையோடு போகாதே, காய்ச்சல் வரும் என்று நான்தான் ஐயா வேறு சட்டையைப் போட்டு அனுப்பினேன்" என்றார் அந்த அம்மையார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியை அக்குடும்பம் நாள்தோறும் கடைப்பிடித்து வந்தது. நானோ அதைக் கரும்பலகையில் மட்டும் எழுதி வந்தேன்.

வேற்றுமையை மறைக்க ஏற்பட்ட சீருடையைக் கொண்டே ஒரு பிள்ளையின் வறுமையை நான் ஊரறியக் காட்டிவிட்டேன். எந்திரத்தருகே நிற்பவனுக்கு உடை கொடுத்த பின்னரே கேட்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் அறிந்திருந்தது. ஏழைகளின் விடையைக் கேட்டுக் காந்தியடிகள் தம்மைத் திருத்திக்கொண்டார். நான் கேட்கவே இல்லை. அன்று அம்மாணவனிடம், அவன் தாயின் முன்னிலையில், மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் பள்ளி அலமாரி ஒன்றில் பல அளவுகளில் சீருடைகளும் ஒரு தேய்ப்புப் பெட்டியும் வைத்தோம். யார் எடுத்தார், யார் திருப்பினார் என்ற கணக்கு எழுதவில்லை. எவரையும் வரிசைக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

மாணவச் செல்வங்களே, நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது என்ன உடுத்துவது என்று என்னிடம் கேட்போருக்கு நான் சொல்லுவது இதுதான். கடன் வாங்கிக் கோட்டுத் தைக்க வேண்டா. நம் ஊர் வெயிலில் அது உங்களை வியர்க்க வைத்துப் பதற்றத்தை மிகுவிக்கும். தூய்மையாகத் துவைத்துத் தேய்த்த, உடலளவுக்குப் பொருந்திய உடை போதும். அதை முன்பே இரண்டொரு முறை அணிந்து, உட்கார்ந்தும் நடந்தும் பாருங்கள். புதுக் காலணி காலைக் கடித்தால், தேர்வாளர் கேள்வி காதில் விழாது. பொத்தான்களை முதல் நாள் இரவே எண்ணிப் பாருங்கள். பெண்மக்கள் சேலையோ சுடிதாரோ, தங்களுக்குப் பழகியதை அணியலாம். தொழிற்கூடத்திலும் ஆய்வகத்திலும் துப்பட்டாவும் கூந்தலும் தொங்காமல் முடிந்துகொள்ள வேண்டும். அறைக்குள் நுழைந்தபின் உடையின் நினைவே உங்களுக்கு வரக்கூடாது. அப்படி மறந்திருக்க இடம் கொடுப்பதே நல்ல உடை.

நாளை நீங்களும் அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் மேசையின் மறுபக்கத்தில் அமர்வீர்கள். எதிரே வருபவனின் சாயம் போன காலரைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்தக் காலரைத் துவைத்த கைகளையும் ஒருகணம் நினையுங்கள்.

கடந்த ஆண்டு ஒருநாள் நெய்வேலி மெயின் பஜாருக்கு இருசக்கர வண்டியில் சென்றிருந்தேன். தொழிலுடையும் கனத்த காலணியுமாக ஓர் இளைஞன் என்னை நோக்கி வந்தான். கார்த்திகை மாதத்து அந்த மாணவன்தான். ஐ.டி.ஐ. படித்து இப்போது பிட்டராக வேலை செய்கிறான். நலம் விசாரித்தான். பிறகு கடை வாயிலில் நின்றவர்களைச் சற்றே திரும்பிப் பார்த்துவிட்டு, என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லிய குரலில், "ஐயா, தலைக்கவசம் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றான்.

அன்று நான் அவனை எல்லாரும் காண நிறுத்தினேன். அவனோ என் குறையை ஒருவரும் அறியாமல் திருத்தினான். இப்போது தலைக்கவசமின்றி நான் வண்டி ஏறுவதில்லை.